உதகையின் ஓசையற்ற தீவு

குளிர்ச்சியை நாடி உதகமண்டலத்துக்குப் போகிறவர்களுக்குக் கோடைக்காலத்தில் முதலில் கிட்டுவது கூட்டந்தான். ஏரிக்கரையிலும் கடைவீதியிலும் கால் வைக்க இடமிராது. வண்டிகளின் நெருக்கடி பொறாமல், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியூர் வண்டிகளுக்கு அனுமதிச் சீட்டு முறையே ஏற்பட்டது.

ஆயினும், தாவரவியல் பூங்காவின் மேல் கோடியைக் கடந்து சிறிது மேடேறினால் இரைச்சல் அடங்கிவிடுகிறது. நீர் சூழாத தீவுபோல அங்கே இருப்பது மஞ்சக்கல் மந்து. மந்து என்பது தோடர்களின் சிற்றூர்.

தோடர்களின் பழைய குடில், பாதிப் பீப்பாயைக் கவிழ்த்தாற்போல் வளைந்திருக்கும். மூங்கிலும் பிரம்பும் அதன் எலும்பு. புல் அதன் தோல். குனிந்து தவழ்ந்தே உள்ளே புக வேண்டும். இன்று பெரும்பாலோர் சாதாரணக் கட்டட வீடுகளில் வசித்தாலும், கோயிலை இந்த முறையிலேயே கட்டுகிறார்கள். அந்தக் கோயிலே பால்மனையுமாகும். எருமைப் பாலைக் கடைவதே அங்கு வழிபாடு. வெண்துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பெண்கள் இழைக்கும் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆனால் தீவு தானாக உண்டாகவில்லை. சுற்றிலும் நகரம் பெருகியதால் உண்டாயிற்று. கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் ஸல்லிவன் 1819-இல் மலையேறினார். தோடர் நிலத்தில் அவருடைய கல் வீடு எழுந்தது. 1823-இல் ஏரி வேலை தொடங்கிற்று. 1848-இல் பூங்கா பிறந்தது. 1908-இல் ரயில் வந்து சேர்ந்தது. எருமைகள் மேய்ந்த புல்வெளியை, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரமும் கர்ப்பூரத் தைலமரமும், தேயிலையும் உருளைக்கிழங்கும் பங்கிட்டுக்கொண்டன.

இதில் வருந்தத்தக்க விஷயம் ஒன்றுண்டு. கோயிற் கூரைக்கு ஏற்ற புல் சதுப்பு நிலத்திலேதான் விளைகிறது. சதுப்பு வற்றினால் புல் இல்லை. புல் இல்லையேல் கூரை இல்லை. எருமைக்கு மேய்ச்சலும் குறைந்தால் பால்மனைக்குப் பாலும் இல்லை. ஒரு சமூகத்தின் சமயம் முழுவதும் ஈரமான ஒரு துண்டு நிலத்தை நம்பி நிற்கிறது!

சுதந்திர தேசத்தில் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டு நிலத்தில் பழங்குடிகளுக்குள்ள உரிமையை ஒப்புக்கொண்டது. உரிமை ஏட்டில் இருந்தால் போதாது. புல்வெளியும் சதுப்பும் பூமியில் இருக்க வேண்டும். மந்துக்குச் செல்லும் அன்பர்களுக்கும் ஒரு கடமை உண்டு. அது பூங்காவைச் சேர்ந்த காட்சிச் சாலை அன்று. பிறர் குடியிருக்கும் ஊர். அனுமதி பெறாமல் படம் பிடிப்பதும், கோயிலை நெருங்குவதும் தகா. அந்த மலையில் தோடர்களே வீட்டுக்காரர்கள், நாம் விருந்தினர்.