நல்லாசிரியரை ஊரார் அறிவது எப்படி?

ஒரு கிராமத்தின் முன்னேற்றத்தை அளந்தறியப் பல அளவுகோல்கள் உண்டு. சாலை, குடிநீர்த் தொட்டி, தெருவிளக்கு, நூலகம் ஆகியவற்றைக் கண்ணால் காணலாம், எண்ணிக் கணக்கிடலாம். பள்ளிக்கூடத்தின் கட்டடத்தையும் அவ்வாறே அளந்துவிடலாம். ஆனால், அக்கட்டடத்தினுள் நாள்தோறும் நடைபெறும் போதனையை எவ்வாறு அளப்பது? ஐந்தாண்டுகள் தவறாமல் பள்ளி சென்று வந்த சிறுவன் ஒருவன், நியாயவிலைக் கடைப் பலகையில் எழுதியிருப்பதை வாசிக்க முடியாமல் திணறுவானாயின், அந்த நஷ்டத்தை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது? பயிர் ஒரு போகம் பொய்த்தால் அடுத்த போகத்தில் ஓரளவேனும் ஈடு செய்துகொள்ளலாம். குழந்தையின் ஆறாவது வயதும் ஏழாவது வயதும் மறுபடி வருவதில்லை.

ஆகவே, நல்லாசிரியர் என்பவர் யார், அவரிடம் அமைந்திருக்க வேண்டிய குணங்கள் யாவை, அவர் பயின்று தேர்ந்திருக்க வேண்டிய தொழில் திறன்கள் யாவை என்பவற்றைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் தெளிவாக அறிந்திருத்தல் அவசியமாகும். இது கல்வி இலாகாவுக்கு மட்டும் உரிய விஷயம் என்று நாம் ஒதுங்கியிருத்தல் தகாது.

முன்னோர் வகுத்த இலக்கணம்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் ஓர் இலக்கண நூல். எழுத்தையும் சொல்லையும் ஆராயப் புகுமுன், அதன் பாயிரத்திலேயே ஆசிரியரைப் பற்றிய ஆராய்ச்சி இடம்பெறுகிறது. நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகிய நான்கும் உவமைகளாகக் கூறப்படுகின்றன. நிலம் பொறுமை உடையது. பருவமறிந்து பாடுபட்டவனுக்கு அவன் பாட்டுக்கேற்ற பலனைத் தருவது. மலை அளக்க முடியாத வளம் உடையது. மழை மறந்த காலத்திலும் தன்னிடமுள்ளதைக் கொடுப்பது. துலாக்கோல் ஐயத்தை நீக்கி உள்ளதை உள்ளபடி காட்டுவது. எந்தப் பக்கமும் சாயாதது. மலர் மென்மையானது, உரிய வேளையில் முகம் விரிவது.

ஆசிரியராகத் தகாதவருக்கும் நான்கு உவமைகள் உண்டு. முதலாவது, கழற்காய்களைப் போட்டு வைத்த குடம். கவிழ்த்தால் காய்கள் போட்ட முறைப்படி வாரா, முன்பின்னாக விழும். இரண்டாவது, கருக்கு மட்டை நிறைந்த பனை. அதில் ஏறிப் பறிக்க இயலாது. தானாக விழுந்ததைப் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். மூன்றாவது, வாய் குறுகிய குடுவையில் அடைத்த பருத்தி. அடைப்பதும் பாடு, எடுப்பதும் பாடு. நான்காவது, வளைந்த தென்னை. நீர் வார்ப்பவன் ஒருவன். காய் விழுவதோ அடுத்தவன் தோட்டத்தில்.

இவ்வுவமைகள் யாவும் ஏட்டில் பிறந்தவை அல்ல. வயலிலும் தோப்பிலும் பிறந்தவை. ஆகையால், ஓர் ஆசிரியரை மதிப்பிடும் தகுதி தமக்கு இல்லை என்று எந்த விவசாயியும் எண்ண வேண்டியதில்லை.

இன்றியமையாத குணங்கள்

குணங்களில் முதலாவதாகச் சொல்லத்தக்கது பொறுமை. பொறுமை என்பது கோபத்தை விழுங்கிக்கொள்வது மட்டுமன்று. ஒரே விஷயத்தை நான்காவது முறையாகவும் வேறொரு வழியில் விளக்கத் தயாராக இருப்பதே ஆசிரியரின் பொறுமை. அடித்தால்தான் படிப்பு வரும் என்ற எண்ணம் நம்மில் சிலரிடம் இன்னும் இருக்கிறது. பள்ளியில் உடல் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அச்சம் என்ன செய்கிறது என்று சிந்திப்போம். அஞ்சிய குழந்தை தனக்குப் புரியாததை வெளியே சொல்லாது, மறைத்துக்கொள்ளும். வேரில் பிடித்த நோயை மறைத்து வைத்த பயிர் என்னவாகுமோ, அக்குழந்தையின் கல்வியும் அதுவே ஆகும்.

இரண்டாவது குணம் நடுநிலை. வகுப்பில் யார் முன்வரிசையில் அமர்கிறார்கள், யாரிடம் கேள்வி கேட்கப்படுகிறது, தண்ணீர் கொண்டுவரவும் இடத்தைப் பெருக்கவும் யார் எப்போதும் ஏவப்படுகிறார்கள் என்பவற்றில் துலாக்கோலின் நடுநிலை தெரிந்துவிடும். கூலித் தொழிலாளியின் மகளுக்கும் நிலக்கிழாரின் மகனுக்கும் ஒரே குரலில் பதில் சொல்பவரே நல்லாசிரியர்.

மூன்றாவது முகமலர்ச்சி. காலையில் வகுப்பினுள் நுழையும்போது குழந்தைகளைப் பெயர் சொல்லி அழைப்பதும், நேற்று வராத குழந்தையை ஏன் வரவில்லை என்று பரிவோடு விசாரிப்பதும் அற்பச் செயல்கள் அல்ல. தன்னை ஒருவர் கவனிக்கிறார் என்று உணர்ந்த குழந்தை மறுநாளும் பள்ளிக்கு வரும்.

நான்காவது, தாமும் ஓயாது கற்கும் ஆர்வம். பயிற்சிக் காலத்தில் எழுதிய குறிப்பேட்டையே பணிக்காலம் முழுதும் நம்பியிருப்பவர், நீர்வரத்து நின்ற ஏரிக்கு ஒப்பாவார். மலையைப் போல் வறட்சியிலும் கொடுக்க வேண்டுமாயின், உள்ளே ஊற்று இருக்க வேண்டும்.

குணம் மட்டும் போதுமா?

போதாது. நல்ல மனம் படைத்தவர் என்பதற்காக, உழவு அறியாத ஒருவரிடம் நாம் ஏரை ஒப்படைப்பதில்லை. போதனையும் பயின்று அடைய வேண்டிய ஒரு தொழிலே. இதற்காகவே தொடக்கக் கல்வி ஆசிரியர்களுக்கு இரண்டாண்டுப் பட்டயப் பயிற்சி உண்டு. பணியில் சேர்ந்த பின்னரும் வட்டார வள மையங்கள் வாயிலாகப் பயிற்சி அளிக்கப்படுகிறது. அத்தொழிலின் நுட்பம் எத்தகையது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம்.

52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால், ஒரு சிறுமி 35 என்று விடை எழுதுகிறாள். விடை தவறு. சிவப்பு மையால் ஒரு குறுக்குக் கோடு போட்டுவிட்டு, 25 என்று எழுதிக் கொடுப்பது எளிது. நல்லாசிரியர் அவ்வாறு செய்வதில்லை. இந்த 35 எங்கிருந்து வந்தது என்று ஆராய்கிறார். இரண்டிலிருந்து ஏழைக் கழிக்க இயலாமையால், அச்சிறுமி ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து என்று எழுதியிருக்கிறாள். அவளுக்குக் கழித்தல் தெரியாமல் இல்லை. பத்துகளும் ஒன்றுகளும் ஒன்று மற்றொன்றாக மாறும் என்பதுதான் தெரியவில்லை. உடனே ஆசிரியர் ஈர்க்குச்சிகளை எடுக்கிறார். பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து கட்டுகளும் உதிரியாக இரண்டு குச்சிகளும் வைக்கிறார். ஒரு கட்டை அவளையே அவிழ்க்கச் சொல்கிறார். இப்பொழுது நான்கு கட்டுகளும் பன்னிரண்டு உதிரிகளும் ஆயின. ஏழு உதிரிகளையும் இரண்டு கட்டுகளையும் அவள் எடுத்துவிட்டால், எஞ்சுவது இரண்டு கட்டுகளும் ஐந்து குச்சிகளும். விடை 25. இச்சிறுமி இனி இக்கணக்கை மட்டுமன்று, இவ்வகைக் கணக்குகள் அனைத்தையும் போடுவாள்.

தவற்றைக் கண்டு சினப்பதற்கும், தவற்றின் வேரைக் கண்டு களைவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. ஒவ்வொரு குழந்தையும் எதுவரை கற்றிருக்கிறது என்பதை அறிந்து, அவ்விடத்திலிருந்து அடுத்த அடியை எடுத்து வைக்கச் செய்வதே ஆசிரியத் தொழிலின் உயிர்நாடி என்று நாம் கருதுகிறோம். ஏனைய திறன்கள் யாவும் இதற்குத் துணை புரிவனவே.

வாசிப்பிலும் இத்தகைய கவனம் வேண்டும். பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் சிறுவன், விரலை வேறொரு வரியில் வைத்திருப்பதுண்டு. கேட்பவருக்கு அவன் சரளமாக வாசிப்பதுபோலத் தோன்றும். தேர்ந்த ஆசிரியர் பக்கத்தின் நடுவே ஒரு சொல்லைச் சுட்டி, இது என்ன என்று கேட்பார். அக்கணமே உண்மை வெளிப்பட்டுவிடும்.

கேள்வி கேட்பதும் ஒரு கலை. அமெரிக்க நாட்டின் கல்வி ஆராய்ச்சியாளர் மேரி பட் ரோ என்ற அம்மையார், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் விடைக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று பல வகுப்புகளில் ஆராய்ந்தார். சராசரியாக அது ஒரு விநாடியளவே இருந்தது. அதை மூன்று விநாடிகளாக நீட்டியபோது, குழந்தைகளின் விடைகள் நீண்டன. வாய் திறவாதிருந்த குழந்தைகளும் பேசலாயின. இதற்குப் பணச்செலவு இல்லை. தனிக் கருவியும் வேண்டுவதில்லை.

நமது சிற்றூர்ப் பள்ளிகளுக்குச் சிறப்பாக வேண்டிய திறன் ஒன்று உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளை அவ்விருவருமே நடத்த வேண்டும். ஒரு குழுவுக்கு நேரில் பாடம் சொல்லும்போது, மற்றொரு குழு தானே எழுதிப் பழகவும், இன்னொரு குழு இருவர் இருவராக வாசித்துக் காட்டவும் முன்கூட்டியே திட்டம் வகுத்திருத்தல் வேண்டும். திட்டம் இன்றேல், பாடம் கழற்காய்க் குடம் போல் முன்பின்னாகவே விழும்.

கொள்ளை நோய் கற்பித்த பாடம்

2020 மார்ச் மாதம் கொரோனா நோயின் காரணமாக மூடப்பட்ட நம் மாநிலத்துப் பள்ளிகளில், 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. முதல் வகுப்பையே காணாத குழந்தைகள் மூன்றாம் வகுப்பை எட்டிக்கொண்டிருந்தனர். அவ்வேளையில் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து முதல் பாடத்தைத் தொடங்குவதில் பயன் என்ன? குழந்தை நிற்கும் இடத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்ற கருத்துடன், 2022 ஜூன் மாதத்தில் அரசாங்கம் எண்ணும் எழுத்தும் என்னும் திட்டத்தை ஆரம்பித்தது. குழந்தைகளின் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என மூன்றாகப் பகுத்து, அந்தந்த நிலைக்கேற்ற பயிற்சி தருவது அதன் முறை. திட்டம் எதுவாயினும், இந்தக் குழந்தை அரும்பா மொட்டா என்று கண்டறியும் கண் ஆசிரியருடையதே.

ஊராரின் பொறுப்பு

இனி, நாம் செய்யத்தக்கவை யாவை என்று பார்ப்போம்.

முதலாவதாக, பள்ளியைப் பார்வையிடும்போது கெட்டிக்காரக் குழந்தையைப் பேசச் சொல்லிக் கேட்டு மகிழ்ந்து திரும்பிவிடலாகாது. கடைசி வரிசைக் குழந்தையின் நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சென்ற மாதப் பக்கத்திற்கும் இம்மாதப் பக்கத்திற்கும் வேறுபாடு தெரிகிறதா? தவறுகள் திருத்தப்பட்டிருக்கின்றனவா? எழுத்தறியாத தாய் தந்தையரும் தம் குழந்தையிடம், இன்று படித்ததை உன் சொந்தச் சொல்லில் சொல் என்று கேட்கலாம். தன் சொல்லில் சொல்லத் தெரிந்த குழந்தை பாடத்தை உணர்ந்துவிட்டது என்று பெரும்பாலும் நம்பலாம்.

இரண்டாவதாக, பள்ளி மேலாண்மைக் குழுவை உயிருள்ளதாக்க வேண்டும். அரசுப் பள்ளிகளுக்கான இக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்களாகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். கையொப்பமிட்டுக் கலைவதற்காக அது அமைக்கப்படவில்லை. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் ஆற்றலையும் மதிப்பிட்டு, தேவைப்படுவோருக்குக் கூடுதலாகக் கற்பிப்பதும், பெற்றோரைக் கூட்டிக் குழந்தையின் முன்னேற்றத்தை எடுத்துரைப்பதும் ஆசிரியரின் கடமைகளாக அச்சட்டத்திலேயே கூறப்பட்டுள்ளன. இவை நடைபெறுகின்றனவா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால், கேட்கும் இடமும் முறையும் அறிந்து கேட்க வேண்டும். மாணவர்கள் முன்னிலையில் ஆசிரியரை அதட்டுவோமாயின், மறுநாள் அவர் சொல்லுக்கு வகுப்பில் மதிப்பு இராது.

மூன்றாவதாக, ஆசிரியரின் நேரத்தை நாம் வீணாக்கலாகாது. மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய பணிகள் நீங்கலாக, கல்விக்குப் புறம்பான வேலைகளில் ஆசிரியர்களை ஈடுபடுத்தலாகாது என்பதும் சட்டமே. ஊர் விழாவுக்கு நோட்டீசு எழுதவும், வரவேற்புக்கு வரிசையில் குழந்தைகளை நிறுத்தவும் நாம் அவரை அழைக்கும்தோறும் ஒரு பாடம் நின்றுபோகிறது. சம்பளத்தை இங்கே பெற்று உழைப்பை வேறிடத்தில் செலுத்தும் ஆசிரியர் வளைந்த தென்னை என்றால், அத்தென்னையை வளைப்பவர்களாக நாம் ஆகிவிடக் கூடாது.

நான்காவதாக, குழந்தையை ஒழுங்காகப் பள்ளிக்கு அனுப்புதல். பருத்தி எடுப்புக்கும் கடலை பறிப்புக்கும் பத்து நாள் நிறுத்திக்கொண்டால் என்ன என்று நாம் எண்ணுகிறோம். கட்டை அவிழ்த்துக் கழிக்கும் பாடம் அந்தப் பத்து நாளில் நடந்துவிட்டால், அதன்மேல் கட்டப்படும் பாடங்கள் யாவும் அக்குழந்தைக்கு அந்தரத்தில் நிற்கும். எத்துணைச் சிறந்த ஆசிரியராயினும் வராத குழந்தைக்குக் கற்பிக்க இயலாது.

இறுதியாக, நன்றாகப் பணிபுரியும் ஆசிரியரை ஊரறியப் பாராட்டுவோம். ஆண்டுதோறும் செப்டம்பர் 5 அன்று ஆசிரியர் தினம் கொண்டாடுகிறோம். அன்று பொன்னாடை போர்த்துவதோடு, இன்ன குழந்தை வாசிக்கக் கற்றது உங்களால்தான் என்று அக்குழந்தையின் பெற்றோரே சபையில் எழுந்து சொல்வார்களாயின், அதனினும் சிறந்த பரிசு அவருக்கு வேறில்லை. ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்குமாயின், வாளாவிருக்காமல் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி மேலிடத்திற்கு அனுப்புதலும் நம் கடமையே.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் சாலைக்கும் குடிநீருக்கும் ஒதுக்கும் நேரத்தில் கால் மணியைப் பள்ளிக்கென ஒதுக்குவோமாக. அன்று நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை குழந்தைகள் சேர்ந்தனர் என்பதன்று. சேர்ந்தவர்களில் இன்னும் வாசிக்கத் தெரியாதவர்கள் யார் யார், அவர்களுக்கு உதவ ஆசிரியருக்கு நம்மிடமிருந்து என்ன வேண்டும் என்பதே.