கட்டம் பெறாத நிரல்

படம் வரைவது ஓவியர் தொழில். மென்பொருள் எழுதுவோர்க்கு அதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். சென்ற குளிர்காலம் வரை நானும் அப்படி எண்ணியவன்தான்.

தில்லிக்குப் படிக்க வந்த எனக்கு இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு பொறுப்பு வாய்த்தது. குளிரூட்டிய படிகத்தின் மின்தடையை அங்கே ஒரு கருவி இரவும் பகலும் அளக்கிறது. அளவீடுகளை அருகிலுள்ள கணிப்பொறி வாங்கி வைக்கும். பிறகு அவை மாடியிலுள்ள சேமிப்புக் கணிப்பொறிக்குச் செல்லும். இதற்கான நிரல்களை எழுதியவன் நான். புதிதாக வந்து சேர்ந்த தம்பி ஒருவனுக்கு (அவனும் நம் சங்கத்தான்) இதை விளக்க மூன்று கட்டங்கள் வரைந்து, நடுவே இரண்டு கோடுகள் இழுத்து, "இவ்வளவுதான்" என்றேன். ஐந்து நிமிட வேலை. அதில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

ஒரு நாள் கீழ்க் கணிப்பொறியில் இடம் தீர்ந்துவிட்டது. தம்பி என் படத்தைப் பார்த்தான். மாடிக்குத்தான் ஒரு கோடு போகிறதே, எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கும் என்று நம்பிப் பழைய கோப்புகளைக் கீழே அழித்தான். ஆனால் அந்தக் கோடு குறித்தது காப்புப்படி எடுப்பதை அன்று. இரு பக்கத்தையும் ஒன்றுபோல் வைத்திருப்பதை. அன்றிரவே நிரல் மேலேயும் அழித்துவிட்டது. 47 நாள் அளவீடுகள் போயின. "நான் கேட்டிருக்க வேண்டும், அண்ணா" என்றான். ஐயம் தோன்றினால் அன்றோ கேட்பான்? என் படம் ஐயத்துக்கே இடம் வைக்கவில்லை.

அதன் பிறகே இதுபற்றிப் படித்தேன். 1997இல் தரமாக ஏற்கப்பட்ட யூ.எம்.எல். என்னும் குறியீட்டு முறையில் வெற்று முக்கோணத் தலைக்கு ஒரு பொருள், துண்டுக் கோட்டுக்கு வேறொரு பொருள். கற்றவர்க்கு அது நன்று; கல்லாதவன் தடுமாறுவான். சைமன் பிரவுன் என்பார் வகுத்த சி4 முறை எனக்கு எளிதாகப் பட்டது. நாட்டுப் படம், மாவட்டப் படம், ஊர்ப் படம் என்று நெருங்கிச் செல்வது போல இதில் நான்கு படிகள். முதற்படத்தில் அமைப்பு முழுதும் ஒரே கட்டம். சுற்றிலும் அதைப் பயன்படுத்தும் மனிதரும், அது தொடர்பு கொள்ளும் பிற அமைப்புகளும். இரண்டாவதில் அந்தக் கட்டம் திறக்கும். தனித்தனியே இயங்கும் நிரல்களும் தரவுக் கிடங்குகளும் தெரியும். மூன்றாவது ஒரு நிரலின் உட்பகுதிகள், நான்காவது நிரலின் கட்டமைப்பு. பெரும்பாலோர்க்கு முதல் இரண்டே போதும் என்று அவரே சொல்கிறார்.

இரண்டாம் படத்தை வரைய உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. என் பழைய படத்தில் கணிப்பொறிகளுக்குக் கட்டம் உண்டு; அழித்த நிரலுக்குக் கட்டமே இல்லை! வேலை செய்பவனை விட்டுவிட்டு அவன் குடியிருக்கும் வீடுகளை மட்டும் வரைந்திருக்கிறேன்.

கோட்டின் கதையும் அதுதான். கட்டம் எழுவாய் என்றால் கோடு பயனிலை. வெறுங்கோடு பயனிலை இல்லாத வாக்கியம், தமிழாசிரியர் ஒப்புவாரா? "பயன்படுத்துகிறது" என்று எழுதுவதும் எழுதாததும் ஒன்றே. என்ன செய்கிறது, எப்போது செய்கிறது என்று எழுத வேண்டும். அம்பின் தலையிலும் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் நிரல் மாடியிலிருந்து கீழே வந்து கோப்பைக் கேட்கிறது. கோப்போ கீழிருந்து மேலே போகிறது. அம்பு கேட்பவரைக் குறிக்கிறதா, பொருள் செல்லும் திசையையா என்று படத்தின் மூலையில் ஒரு வரி எழுதிவிட்டால் தொல்லையில்லை. வரைந்த தேதியும் அங்கேயே இருக்கட்டும்.

புதிய படத்தைத் தம்பியிடம் கொடுத்து, "நீயே எனக்கு விளக்கு" என்று சொல்லிவிட்டு வாய்திறவாமல் இருந்தேன். மிகக் கடினமான வேலை அது! இரண்டிடத்தில் அவன் தவறாகப் படித்தான். இரண்டையும் மாற்றி வரைந்தேன்.

அது இப்போது கருவிக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது. நிரலின் கட்டத்திலிருந்து மாடிக்குச் செல்லும் அம்பின்மேல், "ஒவ்வோர் இரவும் படியெடுக்கும், இங்கே அழித்ததை அங்கேயும் அழிக்கும்" என்று தம்பியே சிவப்பு மையால் எழுதினான். கடைசிச் சொல்லுக்கு அடியில் இரண்டு கோடுகள் இழுத்திருக்கிறான்.