திரையில் ஓடும் பந்தயம்: பிடித்த பாதை எது? பிடிக்காத பாதை எது?

சினிமா ரசிகர்கள் இருவர் சந்தித்தால் நட்சத்திரங்களைப் பற்றிப் பேச்சு வரும். சங்கீத ரசிகர்கள் சந்தித்தால் பாடகர்களைப் பற்றிச் சர்ச்சை நடக்கும். மோட்டார் பந்தய வீடியோ விளையாட்டில் ஊறிய வாலிபர்கள் இருவர் சந்தித்தால் எதைப் பற்றிச் சண்டை போடுவார்கள் தெரியுமா? காரைப் பற்றி அல்ல, பாதையைப் பற்றித்தான்!

"எனக்கு அந்தப் பாதை உயிர்" என்பார் ஒருவர். "அதில் ஓட்டுவதைவிடச் சும்மா இருக்கலாம்" என்பார் மற்றொருவர். வெளியே இருந்து கேட்பவருக்கு இது சிரிப்பாக இருக்கும். ஆனால், ஒரே பாதையை நூறு தடவை, இருநூறு தடவை சுற்றி வந்தவருக்கு அது தன் சொந்தத் தெருவைவிட நன்றாகத் தெரிந்த இடம். எந்த மரம் வந்ததும் பிரேக்கை அமுக்கவேண்டும், எந்தக் கம்பத்தருகே திருப்பவேண்டும் என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். அப்படிப் பழகிய இடத்தின்மீது விருப்பும் வெறுப்பும் உண்டாவதில் ஆச்சரியம் என்ன?

புதுவைக்குப் பழகிய சொற்கள்

இந்த விளையாட்டில் புழங்கும் சொற்கள் பலவும் புதுவைவாசிகளுக்கு அந்நியமானவை அல்ல. 'கிராண்ட் ப்ரீ' என்பது பிரெஞ்சுச் சொல். 'பெரும் பரிசு' என்று அர்த்தம். அந்தப் பெயரில் கார்ப் பந்தயத்தைப் பிரெஞ்சு மோட்டார் சங்கத்தார் 1906-ஆம் ஆண்டு லெ மான் நகரில் நடத்தினார்கள். நேராகப் போகும் பாதையில், வேகத்தைக் குறைப்பதற்காகச் சட்டென்று இடமும் வலமுமாக ஒரு நெளிவு வைப்பார்கள். அதற்கு 'ஷிக்கான்' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல்லுக்கு வீண் வழக்கு, குதர்க்கம் என்றும் பொருள் உண்டு. நேராகப் போகிறவனைக் குறுக்கே மறித்து வம்புக்கு இழுப்பதுதானே குதர்க்கம்! பொருத்தமான பெயர்தான்.

திரையில் நிஜமான பந்தயப் பாதையைக் கொண்டுவந்த முதல் விளையாட்டுகளில் ஒன்று, ஜப்பானில் நாம்கோ கம்பெனியார் 1982-இல் வெளியிட்ட 'போல் பொசிஷன்'. ஃபுஜி மலையருகே உள்ள பந்தயப் பாதையை அதில் காட்டினார்கள். முதலில் ஒரு சுற்றைக் குறித்த நேரத்துக்குள் முடித்துக் காட்டினால்தான் பந்தயத்திலே இடம்! அன்று நாலு வர்ணப் பட்டைகளாகத் தெரிந்த பாதை, இன்று லேசர் கருவியால் அங்குலம் அங்குலமாக அளக்கப்பட்டு, தார் ரோட்டிலுள்ள மேடு பள்ளம் முதற்கொண்டு திரைக்கு வந்துவிடுகிறது.

வானவில் சாலை

சிறுவர் முதல் பெரியவர் வரை எல்லோருக்கும் தெரிந்த பந்தய விளையாட்டு, நின்டென்டோ கம்பெனியின் 'மரியோ கார்ட்'. முதன்முதலாக 1992-இல் வெளிவந்தது. அதில் கடைசியாக வரும் பாதை 'வானவில் சாலை'. ஆகாயத்தின் நடுவே ஏழு வர்ணத்தில் மிதக்கும் சாலை அது. பார்க்க அழகு, ஓட்டினால் திண்டாட்டம். ஓரத்தில் சுவர் கிடையாது. கொஞ்சம் பிசகினால் பாதாளம்! மேகத்தின்மேல் உட்கார்ந்திருக்கும் ஆமை ஒன்று தூண்டிலைப் போட்டுத் தூக்கி மறுபடி சாலையில் விடும். அதற்குள் மற்றவர்கள் முந்திப் போயிருப்பார்கள்.

இவ்வளவு தொல்லை கொடுக்கும் பாதையை யாரும் வெறுக்கவேண்டும் அல்லவா? அதுதான் இல்லை. அடுத்தடுத்து வந்த மரியோ கார்ட் விளையாட்டுகளிலும் புதிய வானவில் சாலையை ரசிகர்கள் எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். 1996-இல் வந்த விளையாட்டில் மட்டும், விழாமல் இருக்க ஓரத்தில் வேலி போட்டார்கள். பாதையையும் மிக நீளமாக்கினார்கள். மூன்று சுற்று முடிக்க ஏறக்குறைய ஆறு நிமிஷம் ஆகும். கண்ணுக்கு விருந்து, ஆனால், கைக்கு வேலையில்லை என்று பலர் அலுத்துக்கொண்டார்கள். அதே பாதையை 2014-இல் மறுபடி கொண்டுவந்தபோது மூன்று சுற்றை ஒரே ஓட்டமாகச் சுருக்கிவிட்டார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கஷ்டமான பாதையை ஜனங்கள் வெறுப்பதில்லை. கற்றுக்கொள்ள ஒன்றுமில்லாத பாதையைத்தான் வெறுக்கிறார்கள்.

பச்சை நரகம்

பெரியவர்கள் விளையாடும் 'கிரான் டூரிஸ்மோ' இந்த உண்மைக்கு நல்ல சாட்சி. 1997-இல் ஜப்பானில் பிறந்த விளையாட்டு அது. அதன் நாலாவது பாகத்தில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதை வந்தது. 1927-இல் திறக்கப்பட்ட அந்தப் பாதை மலைக்காட்டுக்குள் வளைந்து வளைந்து செல்கிறது. ஒரு சுற்று சுமார் 20.8 கிலோமீட்டர், எழுபதுக்கு மேற்பட்ட வளைவுகள். உலக சாம்பியன் ஜாக்கி ஸ்டூவர்ட் அதற்குப் 'பச்சை நரகம்' என்று பெயர் வைத்தார். 1976-இல் நிக்கி லௌடா தீக்காயம்பட்டு உயிர் தப்பியது இங்கேதான். அதன்பிறகு ஃபார்முலா 1 பந்தயம் அந்தப் பழைய பாதைக்குத் திரும்பவே இல்லை.

இந்த நரகத்தைத்தான் விளையாட்டு ரசிகர்கள் சொர்க்கம் என்கிறார்கள்! மனப்பாடம் செய்யவே மாதக்கணக்காகும். ஆனால், எங்கே தவறினோம் என்று ஒவ்வொரு சுற்றிலும் பாதை சொல்லிக்கொடுக்கிறது. நேற்றைவிட இன்று ஒரு விநாடி குறைந்தால் அந்த ஒரு விநாடி நம்முடையது. அதில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கில்லை.

பூமியில் எங்குமே இல்லாத, முழுக்க முழுக்கக் கற்பனையில் பிறந்த பாதைகள்மீதும் இதே பாசம் உண்டு. 'டிரையல் மவுண்டன்', 'டீப் ஃபாரஸ்ட்' என்ற இரண்டும் கிரான் டூரிஸ்மோவின் பழைய பாதைகள். 2017-இல் வந்த விளையாட்டில் அவை இல்லை என்றதும் ரசிகர்கள் ஏங்கினார்கள். 2022-இல் அவை திரும்பி வந்ததும் மகிழ்ந்தார்கள். இல்லாத ஊருக்குப் போகும் வழியையும் மனிதன் நேசிப்பான் போலும்!

பிடிக்காதவை எவை?

பிடிக்காத பாதைகளுக்கும் ஒரு குடும்ப ஜாடை உண்டு. நேர்கோடு, செங்கோணத் திருப்பம், மறுபடி நேர்கோடு, மறுபடி செங்கோணம். ஒரு வளைவைக் கற்றால் எல்லா வளைவையும் கற்றதாகிவிடும். ருஷ்யாவின் சோச்சி நகரில் ஒலிம்பிக் பூங்காவைச் சுற்றி அமைத்த பாதை இந்த ரகம். 2014 முதல் 2021 வரை அங்கே ஃபார்முலா 1 நடந்தது. ஆகவே விளையாட்டிலும் இடம்பெற்றது. ரசிகர்களின் 'பிடிக்காத' பட்டியலில் அதைப் பார்க்காமல் இருப்பது அபூர்வம். அபுதாபிப் பாதையில் முன்னால் போகும் காரை முந்துவது பெரும்பாடு என்று ரசிகர்கள் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். 2021-இல் நிஜப் பாதையையே சில இடங்களில் மாற்றி அமைத்தார்கள்.

மொனாக்கோ விஷயத்தில் மட்டும் கட்சி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. 3.337 கிலோமீட்டர்தான், இரு பக்கமும் இரும்புத் தடுப்பு, நமது சந்துகளைப் போன்ற ஊர்ச்சாலை. முந்த இடமில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் ஒரு பக்கம். சுவரை உரசாமல் ஒரு முழுச் சுற்று ஓட்டிவிட்டால் அன்றைய பொழுது வீணாகவில்லை என்பவர்கள் மறுபக்கம். இருவர் சொல்வதும் நியாயமே.

நம் நாட்டுப் பாதையின் கதை

இந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. டெல்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் அமைந்த புத்தா சர்வதேசப் பந்தயப் பாதை, 5.125 கிலோமீட்டர் நீளமும் 16 வளைவுகளும் கொண்டது. அங்கே முதல் ஃபார்முலா 1 பந்தயம் 2011 அக்டோபர் 30-ஆம் தேதி நடந்தது. ஆனால், இங்கிலாந்தின் கோட்மாஸ்டர்ஸ் கம்பெனி தயாரித்த 'எஃப் ஒன் 2011' விளையாட்டு அதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே, செப்டம்பரில், கடைக்கு வந்துவிட்டது. அதில் இந்தப் பாதையும் இருந்தது. நிஜத்தில் பாதை திறக்கப்படுவதற்கு முன்னரே உலகெங்கும் உள்ள வாலிபர்கள் திரையில் அதைச் சுற்றி வந்துவிட்டார்கள்!

மேட்டில் ஏறித் திரும்பும் வளைவு, அதைத் தொடர்ந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் நேர்பாதை, பிற்பாதியில் விடாமல் வளைந்துகொண்டே போகும் நீண்ட திருப்பம் என்று அதில் கற்றுக்கொள்ளப் பல இருந்தன. சென்னையில் பிறந்து கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் முதல் ஆண்டுப் பந்தயத்தில் ஓட்டி 17-ஆவதாக வந்தார். மூன்று ஆண்டும் செபாஸ்டியன் வெட்டலே வென்றார்.

2013-உடன் எல்லாம் நின்றது. இது விளையாட்டா, கேளிக்கையா, யார் எவ்வளவு வரி கட்டுவது என்ற தகராறுதான் முக்கிய காரணம். மறு வருஷத்து வீடியோ விளையாட்டிலிருந்தும் பாதை மறைந்தது. 2023 செப்டம்பரில் மோட்டார் சைக்கிள் உலகப் பந்தயம் ஒருமுறை அங்கே நடந்தது. அந்த ஆண்டின் 'மோட்டோ ஜிபி' விளையாட்டிலும் பாதை வந்தது. ஃபார்முலா 1 கார்களின் உறுமலோடு அந்தப் பாதையைச் சுற்றவேண்டுமென்றால், பழைய விளையாட்டுத் தட்டைத் தேடி எடுப்பதுதான் வழி. நொய்டாவில் வழக்கில் சிக்கிய பந்தயம், யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் உயிரோடு இருக்கிறது!

தமிழகத்துப் பாதைகள்

நமக்கு அருகிலேயே பாதைகள் இல்லாமலில்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் பல்லாண்டு காலம் பந்தயங்கள் நடந்தன. 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நிரந்தரப் பாதை திறக்கப்பட்டது. கோவையில் கரிவரதன் பெயரால் அமைந்த பாதை 2003-இல் வந்தது. சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருப் பந்தயம் 2023 டிசம்பரில் நடக்கவேண்டியது. மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் 31-ஆம் தேதியும் மறுநாளும் இரவு விளக்கொளியில் நடந்தேறியது.

ஃபார்முலா 1 விளையாட்டிலே அந்தப் பந்தயம் நடக்கும் ஊர்களுக்குத்தான் இடம். ஆதலால், புதுவைப் பையன் பெல்ஜியத்துப் பாதையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். மூன்று மணி நேரத்தில் போய்விடக்கூடிய இருங்காட்டுக்கோட்டைப் பாதையில் எத்தனை வளைவு என்று கேட்டால் விழிப்பான்.

புதுவையில் பாதை போட்டால்?

ஒரு வேடிக்கைக்காகப் புதுவையையே பந்தயப் பாதையாக நினைத்துப் பாருங்கள். காந்தி சிலையில் புறப்பட்டு, கடற்கரைச் சாலையில் வடக்கே பறந்து, படேல் சாலையில் திரும்பி, அண்ணா சாலையில் தெற்கே இறங்கி, சுப்பையா சாலை வழியாக மறுபடி கடற்கரை. பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த நான்கு புல்வார்களும் சேர்ந்து ஒரு முட்டை வடிவம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், சுற்றிச் சுற்றி வந்தால் அரை மணியில் அலுத்துவிடும். சரி, வெள்ளை நகரத்துக்குள் நுழையலாமென்றால், துய்மா வீதியும் சுஃப்ரேன் வீதியும் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்ததுபோல் நேராக ஓடுகின்றன. எங்கே திரும்பினாலும் செங்கோணம். சோச்சி நகரின் தம்பி! நடப்பதற்கு இதைவிட இனிய வீதிகள் கிடையா. பந்தயத்துக்கு ஆகாது. மாலையானதும் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்தி, நடப்பவர்களுக்கு விட்டுவிடுகிறார்களே, அதுவே அந்தச் சாலைக்கு ஏற்ற மரியாதை.

பின்னோக்கும் பொத்தான்

"இதனால் என்ன பிரயோஜனம்?" என்று தகப்பனார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நிஜமான பந்தயக் காரில் ஏறிப் பழகப் பல லட்ச ரூபாய் வேண்டும். திரைக்கு அவ்வளவு வேண்டாம். இங்கிலாந்து வாலிபர் ஜான் மார்டன்பரோ 2011-இல் கிரான் டூரிஸ்மோ போட்டியில் வென்று, அதன் பரிசாக நிஜப் பந்தய வீரரானார். 2013-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் பிரிவில் மூன்றாவது இடம் பெற்றார். திரையில் கற்ற வித்தை வீண்போகவில்லை.

கதை அத்துடன் முடியவில்லை. 2015 மார்ச்சில் அதே மார்டன்பரோ அதே நூர்பர்க்ரிங் பாதையில் ஓட்டியபோது, ஒரு மேட்டில் கார் காற்றில் எழும்பித் தடுப்பைத் தாண்டியது. பார்த்துக்கொண்டிருந்த ரசிகர் ஒருவர் உயிரிழந்தார். பெல்ஜியத்து ஸ்பா பாதை பலருக்கும் பிடித்த பாதை. திரையில் அதன் மேட்டு வளைவை வேகம் குறைக்காமல் ஏறுவதே ஒரு குதூகலம். 2019-இல் அங்கேதான் பிரெஞ்சு இளைஞர் ஆந்த்வான் யூபேர் மாண்டார், வயது 22.

விளையாட்டில் மோதிவிட்டால் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். கார் பின்னோக்கி ஓடி, தவறு நேர்வதற்கு முந்தைய இடத்தில் நிற்கும். மறுபடி ஓட்டலாம். தவறைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ள இடம் தருவதால்தானே நல்ல பாதையை எல்லோரும் விரும்புகிறார்கள்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு பந்தயம் விடும் தம்பிகள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். அங்கே எதிரே வருவது மீன் கூடை ஏற்றிய வண்டியாக இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தையாக இருக்கும். அந்தச் சாலையில் பின்னோக்கும் பொத்தானை யாரும் வைக்கவில்லை. பந்தயம் விட ஆசையா? திரையில் ஆயிரம் சுற்று ஓட்டுங்கள். அது போதவில்லை என்றால், தலைக்கவசமும் டாக்டரும் ஆம்புலன்ஸும் தயாராக நிற்கும் இருங்காட்டுக்கோட்டைக்குப் போங்கள். எத்தனை வளைவு என்று எண்ணிக்கொண்டும் வரலாம்!