உங்களுக்குத் தெரியுமா? நாயின் ‘திருட்டு முழி’

செருப்பைக் குதறிவிட்டு, காதை மடக்கி, வாலைக் காலிடுக்கில் செருகி, ஓரக்கண்ணால் பார்க்கும் நாயைக் கண்டதும் ‘செஞ்ச தப்பு அதுக்கே தெரியுது’ என்போம். அந்த முகத்தை நம்பித் தீர்ப்பு எழுதாதீர்கள்! அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ், 14 வளர்ப்பு நாய்களைச் சோதித்து 2009இல் வெளியிட்ட முடிவு இது: தொடக் கூடாத தீனியைத் தின்றதோ இல்லையோ, வளர்ப்பவர் திட்டினால் அந்த முழி வந்துவிடுகிறது. தின்னாமலே திட்டு வாங்கியவைதான், பாவம், அதிகம் கூனிக் குறுகின!

காலையில் கடித்த செருப்புக்குச் சாயங்காலம் வந்து அதட்டினால், நாய்க்கு எதற்கென்று விளங்காது. நீங்கள் வீடு திரும்புவதே பயமாகிவிடும். செருப்பை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். கடிக்க ஒரு ரப்பர் பொம்மை கொடுத்து, அதைக் கவ்விய கையோடு தட்டிக்கொடுங்கள்.