வீட்டில் சீஸ் செய்ய ஆயிரம் ரூபாய் கிட் தேவையா?



காணை பக்கம் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். பிள்ளைகள் பிட்சா கேட்கிறார்கள் என்று அந்த வீட்டுச் சகோதரி ஆன்லைனில் ஒரு 'சீஸ் கிட்' வரவழைத்திருந்தார். தெர்மாமீட்டர், ஒரு முழம் துணி, பிளாஸ்டிக் அச்சு, சிட்ரிக் ஆசிட், நான்கைந்து ரென்னெட் மாத்திரை. விலை ஆயிரத்துச் சொச்சம். "ஹஜ்ரத், இந்த மாத்திரை ஹலாலா?" என்பது அவர் கேள்வி. ஆயிரம் ரூபாய் எதற்கு என்பது என் கேள்வி.

முதலில் அவருடைய கேள்வி. ரென்னெட் என்பது பாலை உறைய வைக்கும் நொதி. பழங்காலத்தில் பால்குடி மறவாத கன்று, ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்தார்கள். அரபியில் இன்ஃபஹா. முறைப்படி அறுக்கப்பட்ட பிராணியுடையது என்றால் யாருக்கும் மறுப்பில்லை. செத்த பிராணியுடையதில்தான் கருத்து வேறுபாடு: இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அது சுத்தமானது என்றார்கள், ஷாஃபிஈ உள்ளிட்ட பெரும்பாலான இமாம்கள் அசுத்தம் என்றார்கள். நபி (ஸல்) அவர்களிடம் தபூக்கில் பாலாடைக்கட்டி கொண்டுவரப்பட்டபோது கத்தி கேட்டு வாங்கி, பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தார்கள் என்று அபூதாவூதில் வருகிறது.

இன்று கடையில் கிடைக்கும் ரென்னெட்டில் பெரும்பகுதி பூஞ்சையிலிருந்தோ, நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்க வைத்தோ செய்யப்படுவது. கன்றின் நொதியையே நுண்ணுயிரில் உண்டாக்கும் முறைக்கு அமெரிக்கா 1990இல் அனுமதி கொடுத்தது. நம் நாட்டில் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் அதில் பிராணியின் உடலிலிருந்து எடுத்த பொருள் இல்லை என்று பொருள். ஆகவே 'ஹலால்' என்று எழுதியிருப்பதற்காகவே வெளிநாட்டுச் சரக்கை இரட்டை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. பச்சைப் புள்ளியைப் பாருங்கள், சேர்மானப் பட்டியலைப் படியுங்கள்.

இனி விலை. பன்னீருக்கு ரென்னெட்டே வேண்டாம், புளிப்பு போதும். ஒரு லிட்டர் பாலுக்குச் சாறுள்ள எலுமிச்சை ஒன்றிரண்டு, அல்லது இரண்டு மேசைக்கரண்டி வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்தது. பால் பொங்கியதும் அடுப்பை அணைத்து, இரண்டு நிமிடம் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் தண்ணீர் பிரிந்ததும் நிறுத்திவிடுங்கள், மேலும் ஊற்றினால் பன்னீர் புளிக்கும், ரப்பராகும். அந்தத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். ஒரு நாள் வெளியில் வைத்தால் நன்றாகப் புளித்துவிடும், அடுத்த முறை அதுவே எலுமிச்சைக்குப் பதில். லிட்டருக்குக் கால் லிட்டர் வரை பிடிக்கும். மிச்சத்தில் சப்பாத்தி மாவு பிசையலாம்.

துணிக்கு, சோப்பு வாசனை போக அலசிய பழைய மல் வேட்டி. பாரத்துக்கு, தண்ணீர் நிரப்பிய பாத்திரம். அச்சு வேண்டுமென்றால் கழுவிய தயிர் டப்பாவில் சூடான ஊசியால் துளை போட்டுக்கொள்ளலாம்.

உண்மையான செலவு பாலில்தான் இருக்கிறது. பசும்பால் ஒரு லிட்டரில் பன்னீர் 150 முதல் 180 கிராம்வரைதான் வரும், எருமைப்பாலில் 200க்கு மேல். ஆவினில் நீலப் பாக்கெட் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6. மலிவு என்று நீலத்தை எடுத்தால் பன்னீரும் குறையும், மென்மையும் போகும். காணை சுற்றுவட்டாரத்தில் கறவை மாடு வைத்திருப்பவர்கள் பலர். தெரிந்த வீட்டில் நேரடியாக வாங்கினால் நல்லதுதான், நன்றாகக் காய்ச்சிவிட வேண்டும், அவ்வளவே.

பிட்சாவில் இழுபடும் சீஸுக்கு மட்டும் ரென்னெட் தேவை. இதற்குப் பால் கொதிக்கக் கூடாது, 35 டிகிரி போதும். கை வைத்தால் சூடும் தெரியாது, குளிர்ச்சியும் தெரியாது. தெர்மாமீட்டர் வாங்காதவர்களுக்கு அந்த அளவே போதும். பச்சைப் பாலை நான் சொல்லமாட்டேன், நோய்க் கிருமி பயம் இருக்கிறது. பதப்படுத்திய பாக்கெட் பால் எடுங்கள். மாதக்கணக்கில் வெளியில் வைக்கும் டெட்ரா பெட்டிப் பால் ரென்னெட்டுக்குச் சரியாக உறையாது, எத்தனையோ பேர் இதில் பாலை வீணாக்கியிருக்கிறார்கள். மாத்திரையைக் காய்ச்சி ஆறிய நீரில் கரையுங்கள், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் அதன் வீரியத்தைக் கெடுக்கும்.

மாத்திரையின் உறையில் எத்தனை லிட்டருக்கு என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் ஒரு மாத்திரை வீட்டு அளவுக்கு மிக அதிகம், பாதியோ காலோ போதும். ஒரு அட்டையை மூன்று நான்கு வீடுகள் பகிர்ந்து, காற்றுப் புகாமல் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். சிட்ரிக் ஆசிடை ஆன்லைனில் தேட வேண்டாம், விழுப்புரம் மளிகைக் கடைகளில் கேட்டாலே கிடைக்கும்.

அந்தச் சகோதரியின் மாத்திரை அட்டையில் பச்சைப் புள்ளி இருந்தது. மூன்றை அவரே வைத்துக்கொண்டார், ஒன்று பக்கத்து வீட்டுக்குப் போனது. துணியையும் அச்சையும் திருப்பி அனுப்ப முடியுமா என்று அவர் மகன் போனில் பார்த்துக்கொண்டிருந்தான்.