கையால் ஓடுகிறது, தானாக ஓடவில்லையே!

லினக்ஸ் கம்ப்யூட்டர் துவங்கியதும் கணக்குக் கோப்புகளை வேறு மெஷினுக்கு நகலெடுத்து அனுப்ப ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைக்கிறோம். கையால் ஓட்டினால் ஓடுகிறது. துவக்கத்தில் மட்டும் ஓடுவதில்லை. டிஸ்க் பழுதாகும் நாளில்தான் நகலே இல்லை என்பது தெரியவரும். பழி குமாஸ்தாவின் தலையில் விழும்.

காரணம் பெரும்பாலும் சிறியதே. ஃபெடோராவில் 2011 முதலும், டெபியன், உபுண்டுவில் 2015 முதலும் துவக்க வேலைகளை நடத்துவது சிஸ்டம்டி. ஸ்கிரிப்டை ஒரு சர்வீஸ் கோப்பு மூலம் அதனிடம் ஒப்படைக்க வேண்டும். 'ஸ்டார்ட்' என்ற கட்டளை அந்த ஒரு தடவைக்குத்தான். துவக்கந்தோறும் ஓட 'எனேபிள்' தேவை. அதற்குச் சர்வீஸ் கோப்பின் 'இன்ஸ்டால்' பகுதியில் 'வான்டட்பை' வரி இருக்க வேண்டும்.

அடுத்தது விலாசம். நாம் தட்டச்சு செய்கையில் நமது 'பாத்' உதவிக்கு நிற்கிறது. துவக்க வேளையில் அந்தத் துணை இல்லை. ஆகவே கட்டளைகளுக்கும் கோப்புகளுக்கும் முழு விலாசம் எழுதுவது நல்லது. ஸ்கிரிப்டுக்கு இயக்கும் அனுமதியும், முதல் வரியில் ஷெல்லின் பெயரும் அவசியம்.

மூன்றாவது வரிசை. லைன் கிளியர் இல்லாமல் வண்டி புறப்படலாமா? நெட்வொர்க் வருமுன் ஓடும் ஸ்கிரிப்ட் தோற்கும். 'வான்ட்ஸ்', 'ஆஃப்டர்' இரண்டு வரிகளிலும் 'நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்' என்று குறிக்க வேண்டும்.

ஊகம் வேண்டாம். 'சூடோ ஜர்னல்சிடிஎல் -பி' என்றால் அன்றைய துவக்கத்தின் நாட்குறிப்பு முழுவதும் வரும். தவறு பெரும்பாலும் அதில் பதிவாகியிருக்கும். திருத்திய பின் மெஷினை மறுபடி துவக்கி, நகல் போய்ச் சேர்ந்ததா என்று கண்ணால் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.