ஊதா வயல்களின் ஊடே ஒரு நடைப்பயணம்

ஆனி பிறந்து ஆடி முடியுமட்டும் பிரான்சு நாட்டின் தென்கிழக்கே புரோவான்ஸ் மேட்டு நிலங்கள் ஊதா நிறம் போர்த்து நிற்கின்றன. லாவண்டர் மலரும் காலம் அது. பேருந்தில் வந்திறங்கி, வயலோரத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, அரைமணி நேரத்தில் திரும்புவோர் மிகுதி. அந்நாட்டை உள்ளபடி காண விழைவோரோ வழிகாட்டியும் குழுவும் இன்றி, கையில் ஒரு வரைபடத்துடன் ஊர்விட்டு ஊர் நடக்கின்றனர். பெட்டிகளை அடுத்த ஊர் விடுதியில் சேர்ப்பிக்க வண்டி ஏற்பாடு உண்டு. பாரிசில் மக்களோ மருமக்களோ வாழும் குடும்பங்கள் நம்மிடையே பல இருப்பதால், அங்குச் சென்று வருவோருக்கு இச்செய்தி பயன்படக்கூடும். பாரிசிலிருந்து அதிவேக இரயில் ஏறக்குறைய 2 மணி 40 நிமிடங்களில் அவிஞோனை அடைகிறது.

வழிகாட்டி இல்லாமல் வழி தவறாதா என வாசகர் வினவலாம். பாறையிலும் மரத்திலும் கம்பத்திலும் வண்ணக் கோடுகள் தீட்டப்பட்டுள்ளன. வெண்கோடு மேலும் செங்கோடு கீழுமாக இருந்தால் அது நெடும்பாதை, நேரே செல்லலாம். அவ்விரு நிறங்களும் பெருக்கல் குறியாகக் குறுக்கிட்டிருந்தால் அப்பக்கம் செல்லலாகாது. மஞ்சள் கோடு உள்ளூர்ச் சிறுபாதையைக் குறிக்கும். 1947 முதல் உருவாகி வந்த இந்நெடும்பாதைகளின் குறிகளைத் தன்னார்வத் தொண்டர்களே காலந்தோறும் புதுப்பிக்கின்றனர். அவற்றுள் நான்காம் எண் பாதை அட்லாண்டிக் கரையிலுள்ள ருவாயனில் தொடங்கி, இந்த லாவண்டர் நாட்டின் வழியே, நறுமணத் தொழிலுக்குப் பெயர்போன கிராஸ் நகரை அடைகிறது. 1 செண்டிமீட்டர் 250 மீட்டரைக் காட்டும் வரைபடமும் உடன் இருத்தல் நலம். கைப்பேசியின் மின்கலத்தை மட்டும் நம்பி மலைக்குச் செல்வது அறிவுடைமையன்று.

எப்போது செல்வது என்பதில்தான் பலர் ஏமாற்றமடைகின்றனர். படங்களில் நாம் காணும் வலான்சோல் சமவெளி ஆனியின் பிற்பகுதியிலேயே பூத்துக் குலுங்கும். ஜூலை நடுவிற்குப் பிறகு அறுவடை இயந்திரங்கள் அவ்வயல்களை மொட்டையடித்துவிடும். வான்தூ மலையடியிலுள்ள சோ என்னும் ஊர் உயரமான இடமாதலால் அங்குப் பூ ஆகஸ்டு முற்பகுதி வரை நிற்பதுண்டு. மேலும், வலான்சோலில் பெரும்பாலும் விளைவது உண்மை லாவண்டரன்று. லவான்டின் என்னும் கலப்பினம். அது விதை தராது. கிளையை வெட்டி நட்டே பெருக்குகின்றனர். ஒரு கிலோ தைலத்துக்கு உண்மை லாவண்டர்க் கதிர்கள் நூறு கிலோவுக்கு மேல் தேவை. லவான்டினோ அதில் பாதிக்கும் குறைவே போதும். ஆகவே மலைமேல் சிறு வயல்களில் உண்மை லாவண்டரைப் பேணும் உழவருக்கு உழைப்பு அதிகம், விளைச்சல் குறைவு. அவர்தம் தைலத்துக்கு 1981-இல் அரசின் தரச் சான்று கிடைத்தது.

பேருந்துப் பயணியின் கண்ணுக்குப் படாத ஒன்றை நடப்பவர் காண்பார். செழித்த வரிசைகளின் நடுவே சாம்பல் நிறமாய்க் காய்ந்த புதர்கள். தத்துப்பூச்சி போன்ற ஒரு சிறு பூச்சி பரப்பும் நுண்ணுயிர் நோய் அது. வறட்சி அதனை மேலும் கொடிதாக்குகிறது. பத்தாண்டு நிற்க வேண்டிய வயல் அதற்கு முன்பே பட்டுப்போவதுண்டு. இந்நிலையில் படத்துக்காக வரிசைகளுக்குள் புகுந்து செடிகளை மிதிப்பதும் கொத்தாகப் பறிப்பதும் எத்தகைய கொடுமை! ஒவ்வொரு வயலும் ஒரு குடும்பத்தின் உடைமையாகும்.

கோர்த் ஊருக்கு அருகே பள்ளத்தாக்கில் அமைந்த செனாங்க் மடம் இதற்கு விலக்கன்று. 1148-இல் சிஸ்டர்சியன் துறவியர் நிறுவிய அம்மடத்தை அவர்கள் 1969-இல் விட்டுச் சென்று, 1988-இல் மீண்டும் குடியேறினர். வாயிலின் எதிரேயுள்ள லாவண்டர் வயலும் தேன்கூடுகளும் அவர்தம் பிழைப்புக்கானவை. மலைப்பாதை வழியே நடந்து இறங்குவோர் மடத்தின் சாம்பல்நிறக் கற்கூரையை முதலில் காண்பர். மௌனம் காக்கும் இல்லம் அது என்பதை அங்குக் கூடும் கூட்டம் எப்போதும் நினைவிற்கொள்வதாகத் தெரியவில்லை.

கோடை வெயில் கடுமையானது. விடியலில் புறப்பட்டு நண்பகலுக்கு முன் ஊர் சேர்வதே முறை. தண்ணீரை உடன் எடுத்துச் செல்க. சில ஊற்றுகளில் 'ஓ நோன் பொத்தாப்ல்' என எழுதியிருக்கும். அது குடிக்கத்தகாத நீர். காட்டுத்தீ அச்சம் மிகும் நாள்களில் தென் மாவட்டங்கள் பலவற்றில் காட்டுப்பாதைகளை அரசு மூடிவிடும். முன்மாலையிலேயே விடுதியில் கேட்டறிந்து, வேண்டுமாயின் பயணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பொய்கூறி நுழைந்தவர் தம்மை மட்டுமன்றி, மீட்கச் செல்வோரையும் ஆபத்தில் ஆழ்த்துகிறார்.

வழியில் தைலம் வடிக்கும் ஆலை எதிர்ப்பட்டால் தவறாது நுழைந்து பாருங்கள். கொப்பரையில் திணித்த கதிர்களினூடே நீராவி பாய்ந்து, குளிர்ந்த சுருள் குழாய்வழி இறங்கி நீராகிறது. தைலம் மேலே மிதக்கிறது. சக்கை அடுப்புக்கு விறகாகிறது. மரியன்னையின் விண்ணேற்புத் திருநாளாகிய ஆகஸ்டு 15-ஆம் நாள் சோ ஊரில் லாவண்டர் விழா நடைபெறும். இயந்திரம் வந்து பல்லாண்டு கடந்தும், அன்று மட்டும் பழைய அரிவாளை ஏந்திக் கதிர் அறுக்கும் போட்டியில் இறங்குகின்றனர் அவ்வூரார்.